ஐஸ் பெட்டியிலிருந்து சிம் கார்டு வரை: சொத்துப் பதிவேட்டை எக்செல் ஏற்றி மொத்தமாகத் திருத்தியது

மீன் கொள்முதல் கம்பெனி ஒன்றில் ஸ்டோர், கணக்கு, கம்ப்யூட்டர் மூன்றும் என் தலையில். அலுவலகம் ராமநாதபுரத்தில். ஷெட்டுகள் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வடக்கே தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐஸ் பெட்டிகள், எலக்ட்ரானிக் தராசுகள், ஐஸ் உடைக்கும் மெஷின், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர். வண்டிகளில் ஜிபிஎஸ் கருவியும் குளிர்நிலை பதியும் கருவியும். எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் உருப்படி. இவற்றுக்கென்று பிரவுசரில் ஓடும் ஒரு சொத்துப் பதிவேட்டு மென்பொருளும் இருக்கிறது. வாங்கிய அன்று பதிந்ததோடு சரி. அப்புறம் எந்தப் பெட்டி எந்த ஷெட்டுக்குப் போனது, எது உடைந்தது, எது பழைய இரும்புக்குப் போனது என்று யாரும் அதில் எழுதவில்லை.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தீவில் உள்ள எங்கள் ஷெட்டுகளிலும் தண்ணீர் ஏறியது. காப்பீட்டுக்காக, நனைந்த மெஷின்களின் பட்டியல் கேட்டார்கள். பதிவேட்டைத் திறந்தால், பாம்பனில் இருப்பதாக அது சொன்ன ஜெனரேட்டர் ஏர்வாடியில் ஓடிக்கொண்டிருந்தது. "அடுத்த தடைக்காலத்துக்குள்ள இதைச் சரி பண்ணிருங்க தம்பி" என்று முதலாளி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தடைக்காலம் என்று அவர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான் ஷெட்டுக்கு வரும். முக்கால்வாசிப் பெட்டிகள் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். மற்ற மாதங்களில் பெட்டிக்குள் ஐஸும் கணவாயும் இருக்கும்போது அதைத் திருப்பி எண்ணைப் பார்க்க யாரும் விடமாட்டார்கள்.

ஆயிரம் உருப்படியையும் ஒவ்வொன்றாகத் திறந்து, நாலு கட்டத்தை மாற்றி, சேவ் அழுத்தி, அடுத்ததற்குப் போவது நடக்கிற காரியம் இல்லை. மென்பொருளில் மொத்த ஏற்றம் என்று ஒரு வசதி உண்டு. சிஎஸ்வி கோப்பு (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) கொடுத்தால், அதில் உள்ள டேக் எண்ணை, அதாவது ஒவ்வொரு உருப்படியிலும் அடித்திருக்கும் அடையாள எண்ணை வைத்து உருப்படியைக் கண்டுபிடித்து, மற்ற விவரங்களை மாற்றிவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் டேக் எண் பொருந்தவில்லை என்றால் அது நின்று கேட்காது. புதிதாக ஓர் உருப்படியை உருவாக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். "ஏற்கெனவே உள்ளதை மட்டும் திருத்து" என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அது பக்கத்தின் அடியில், கண்ணில் படாத இடத்தில். அந்த டிக்கை முதலில் போட்டுவிட்டுத்தான் கோப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மானிட்டரின் ஓரத்தில் எழுதி ஒட்டினேன்.

முதலில் சோதனை உருப்படி மூன்றை உருவாக்கினேன். மூன்றிலும் எல்லா விவரங்களையும் நிரப்பினேன். பிறகு ஒரு ஷீட்டில் டேக் எண், இடம், பொறுப்பாளர், குறிப்பு என்று நான்கு நெடுவரிசை வைத்து, இடத்தை மட்டும் எழுதி, மற்ற இரண்டையும் காலியாக விட்டு ஏற்றினேன். தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றே ஒன்று: காலிக் கட்டத்துக்கு இந்த மென்பொருள் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்கிறது? "தொடாதே" என்றா, "அழித்துவிடு" என்றா? இது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். எங்களுடையது அழித்துவிடுகிற ஜாதி. பொறுப்பாளரும் குறிப்பும் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தன. ஷீட்டில் அந்த நெடுவரிசையே இல்லாமல் ஏற்றியபோது, பழைய விவரம் அப்படியே இருந்தது.

மீதி வேலை முழுவதும் எப்படி நடக்கவேண்டும் என்பதை இந்தச் சோதனையே முடிவு செய்துவிட்டது. ஏற்றுகிற ஷீட் ஒல்லியாக இருக்க வேண்டும். டேக் எண் ஒரு நெடுவரிசை, மாற்றப்போகும் விவரம் ஒரு நெடுவரிசை, அவ்வளவுதான். இடத்துக்கு ஒரு ஷீட், நிலைமைக்கு ஒரு ஷீட், தராசு முத்திரைத் தேதிக்கு ஒரு ஷீட். முழுப் பதிவேட்டையும் இறக்கி, இருபது நெடுவரிசையோடு அதிலேயே அங்கங்கே திருத்தி, அப்படியே திரும்ப ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஏற்றத்தில் முடிகிறது என்பது அவர்கள் வாதம். நீங்கள் தொடாத பதினெட்டு நெடுவரிசையையும் எக்செல் தொட்டிருக்கும் என்பது என் வாதம்.

எக்செல் என்ன செய்யும் என்பதற்கு முதல் உதாரணம் எங்கள் டேக் எண்ணே. ஐந்து இலக்கம், முன்னால் பூஜ்யம்: 00412. இறக்கிய சிஎஸ்வியை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் எக்செல் அதை எண்ணாக நினைத்து 412 ஆக்கிவிடும். சேவ் செய்தால் கோப்பிலும் 412 என்றே பதியும். அதை ஏற்றினால் 00412 கிடைக்காது. மேலே சொன்ன டிக் இல்லையென்றால் 412 என்று புத்தம் புதிதாக ஒரு ஐஸ் பெட்டி பிறக்கும். பதிவேட்டில் ஏற்கெனவே இப்படிப் பிறந்த சில அநாதைகள் கிடந்தன. எனக்கு முன்னால் யாரோ முயன்றிருக்கிறார்கள்.

ஆகவே சிஎஸ்வியை ஒருபோதும் இரட்டைக் கிளிக்கில் திறப்பதில்லை. காலி ஒர்க்புக் திறந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து எடுக்கும் வழியாக உள்ளே கொண்டுவருவேன். அங்கே தரவு வகையைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் எல்லாம் எழுத்தாகவே வரும். லிப்ரே ஆபிஸில் இன்னும் சுலபம்: திறக்கும்போதே ஒரு ஜன்னல் வந்து ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த வகை என்று கேட்கும், டெக்ஸ்ட் என்று சொல்லிவிடலாம். புதிய எக்செலில் இந்தத் தானியங்கி மாற்றத்தை ஆப்ஷன்ஸில் போய் நிறுத்தவும் முடிகிறது. எல்லா கம்ப்யூட்டரிலும் அந்தப் பதிப்பு இல்லை என்பதால் நான் அதை நம்பியிருக்கவில்லை.

சரி, ஷீட் தயார். அதில் நிரப்ப வேண்டிய உண்மை ஷெட்டுகளில் இருந்தது.

ஐஸ் பெட்டியில் எண் தேடுவது தனிக் கலை. உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து காகித பார்கோடு ஸ்டிக்கரை ஒரு மழைக்காலம்கூடத் தாங்க விடுவதில்லை. அலுமினியத் தகட்டில் வெள்ளையாகப் பூத்து, பொடிப்பொடியாகக் குழி விழுந்திருக்கும். நல்ல தண்ணீரை ஊற்றி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பொறித்த எண்ணின் நிழல் விழும். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. அப்போதும் 3 எது, 8 எது என்று சந்தேகம் வரும். பெட்டி கவிழ்ந்து கிடந்தால் 6, 9 தகராறு வேறு.

அதனால் ஷெட்டுக்குக் கொண்டுபோன தாளில் எண்ணோடு பொருளின் வகையையும் எழுத வைத்தேன். 00389 என்று எழுதி, பக்கத்தில் பெட்டி என்று எழுதியிருக்கிறது. பதிவேட்டில் 00389 தராசு என்றால், படித்ததில் எங்கோ பிசகு என்று உடனே தெரிந்துவிடும். இதற்கு, ஓர் எண்ணை வேறொரு பட்டியலில் தேடி அதன் விவரத்தை எடுத்துத் தரும் விலுக்அப் சூத்திரம் ஒன்று போதும், நாலாவது இடத்தில் ஃபால்ஸ் கொடுக்க மறக்கக் கூடாது. அதைக் கொடுக்காவிட்டால் கிட்டத்தட்டப் பொருந்துகிற எதையாவது எடுத்துக் காட்டி நம்மைச் சமாதானப்படுத்திவிடும்.

பாம்பனில் இரண்டு ஷெட் இருக்கிறது, ஒன்று வடகடல் பக்கம், இன்னொன்று தெற்குவாடியில். பதிவேட்டில் இரண்டுக்கும் சேர்த்து பாம்பன் என்று ஒரே இடம்தான். தெற்குவாடி ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பதினைந்து வருடத்துக்கு மேல் அங்கே இருப்பவர். நான் டேக்கைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அது அந்தப் பெட்டியோட நம்பர் இல்ல தம்பி" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். "மூடியிலதானே நம்பர் அடிச்சிருக்கீங்க? மூடியெல்லாம் எப்பவோ மாறிப்போச்சு. கழுவி வெயில்ல காயப் போடுவோம், எது எதுக்குன்னு பார்த்தா மாட்டுறோம்?"

அவர் பெட்டிகளை எண்ணால் அடையாளம் வைத்திருக்கவில்லை. மூலை உடைந்து தார் அடைத்தது, சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டது, கீல் கழன்று நைலான் கயிறு கட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம். எந்தப் பெட்டி எந்த வருடம் மண்டபத்திலிருந்து வந்தது என்றுகூடச் சொன்னார். ஒரு பள்ளிக்கூட நோட்டில் அதை எழுதியும் வைத்திருந்தார். எங்கள் மென்பொருளைவிட அந்த நோட்டு நம்பகமாக இருந்தது. மூடியில் இருந்த எண்ணைக் கைவிட்டு, அவர் நோட்டையும் வாங்கிய பில்லில் இருந்த லிட்டர் அளவையும் வைத்து ஒவ்வொரு பெட்டியின் உடலுக்கும் பழைய எண்ணைத் திரும்பக் கண்டுபிடித்தோம். ஒத்துவராத சிலவற்றுக்குப் புது எண். புது டேக் உடலில், கைப்பிடிக்குக் கீழே, துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில். 316 வகை எஃகு கடற்கரைக்கு 304-ஐவிடத் தாங்கும், விலையும் அதற்கேற்ப. தராசுக்கும் மோட்டாருக்கும் அதையே போட்டோம். அடையாளம் என்று பதிவேட்டில் ஒரு புதிய விவரமும் சேர்த்தேன்: "சிவப்புக் கோடு, வலது கீல் கயிறு". அடுத்த முறை எண் அழிந்தாலும் ஆளுக்குத் தெரியும்.

கீழக்கரையில் வண்டி ஓட்டுகிற காக்காவுக்கு (அங்கே அண்ணனை அப்படி அழைப்பார்கள்) பெட்டி விஷயத்தில் சிரத்தை இல்லை, வண்டியில் உள்ள ஜிபிஎஸ் கருவிகளில்தான். "தம்பி, இந்த வண்டி மேப்புல எர்ணாகுளத்துக்குப் போய்க்கிட்டு இருக்குன்னு ஆபிஸ்ல சொல்றாங்க, நான் இங்கதானே நிக்கிறேன்" என்றார். இரண்டு வண்டிகளின் கருவிகள் பதிவேட்டில் இடம் மாறியிருந்தன. அதைச் சரிசெய்யப் போய்த்தான் சிம் கார்டு விவகாரம் கிளம்பியது.

கருவிக்கு ஐஎம்இஐ எண் உண்டு, 15 இலக்கம். உள்ளே இருக்கும் சிம்முக்கு ஐசிசிஐடி எண், 19 அல்லது 20 இலக்கம். இந்தியச் சிம் என்றால் 8991 என்று தொடங்கும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளதைப் பூஜ்யமாக்கிவிடும். ஐஎம்இஐ 15-க்குள் அடங்கினாலும் சாதாரண வடிவில் 8.61E+14 என்கிற மாதிரி காட்டும். சிஎஸ்வியாகச் சேவ் செய்யும்போது திரையில் காட்டுவதைத்தான் கோப்பில் எழுதும், ஆகவே அதுவும் போச்சு. இதற்கெல்லாம் மருந்து, முதலிலேயே எழுத்தாக வாங்குவது.

ஆனால் எழுத்தாக வாங்கிய பிறகும் ஒரு வம்பு பாக்கி. ஒரே சிம் இரண்டு கருவிக்குப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் போட்டேன். ஏகப்பட்ட சிம்கள் இரட்டை என்று வந்தது. கண்ணால் பார்த்தால் கடைசி நாலு இலக்கம் வேறுவேறாக இருந்தது. கவுண்ட்இஃப் எழுத்தாக இருப்பதையும் எண் போலத் தெரிந்தால் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது, அப்போது முதல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. மொத்தமாக வாங்கிய சிம்கள் ஒரே கட்டில் வந்தவை, முதல் 15 இலக்கமும் ஒன்றாகவே இருக்கும். தேடும் மதிப்போடு ஒரு நட்சத்திரக் குறியை ஒட்டிக் கொடுத்தால், அதாவது கட்டத்தின் பெயர், ஆம்பர்சண்ட், மேற்கோளுக்குள் நட்சத்திரம் என்று எழுதினால், எழுத்தாகவே ஒப்பிடும். அப்படிப் பார்த்தபோது உண்மையான இரட்டை ஒரே ஒரு ஜோடிதான் மிஞ்சியது. அது காக்காவின் வண்டியும் எர்ணாகுளம் வண்டியும்.

ஐஎம்இஐயில் இன்னொரு நல்ல விஷயம்: கடைசி இலக்கம் சோதனை இலக்கம். முன்னால் உள்ள பதினான்கையும் ஒரு கணக்கில் போட்டால் அது வர வேண்டும். போனில் வாய்ச்சொல்லாக வாங்கிய எண்களை இந்தக் கணக்கில் ஓட்டினால், ஓர் இலக்கம் தவறினாலும் பிடிபடும். எங்கள் டேக் எண்ணுக்கும் இப்படி ஒன்று வைத்திருக்கலாம். அடுத்த வரிசை டேக் அடிக்கும்போது பார்க்க வேண்டும்.

தராசு முத்திரைத் தேதிதான் உண்மையில் அவசரமான ஷீட். எலக்ட்ரானிக் தராசை 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரைக்குக் காட்ட வேண்டும், நம் மாநிலத்தில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. எந்தத் தராசுக்கு எப்போது முடிகிறது என்று பதிவேடு சொன்னால், முன்கூட்டியே எடுத்துப் போகலாம். பதிவேட்டில் தேதி இருந்தது, ஆனால் பாதி இடது ஓரம், பாதி வலது ஓரம் ஒட்டியிருந்தது. இதைப் பார்த்ததும் ஊகிக்கலாம். நாள், மாதம், வருடம் என்று நாம் எழுதிய தேதியை, மாதம் முதலில் வரும் அமெரிக்க அமைப்பில் இருக்கும் கம்ப்யூட்டரில் யாரோ திறந்திருக்கிறார்கள். 05/03/2023 என்று மார்ச் 5-ஐ எழுதினால் அது மே 3 ஆகியிருக்கும், உண்மையான தேதியாகி வலது ஓரம் போயிருக்கும். 25/03/2023-ஐ அதனால் புரிந்துகொள்ள முடியாது, 25-ஆவது மாதம் இல்லையே. எழுத்தாகவே இடது ஓரத்தில் கிடக்கும். ஆக, வலது ஓரத்தில் இருப்பவை எல்லாம் நாளும் மாதமும் மாறியவை. இடது ஓரத்தில் இருப்பவை சரியானவை. வலது ஓரத் தேதிகளை மட்டும் டேட் ஃபங்ஷனில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் போட்டுத் திருப்பினேன். அப்படித் திருப்பியது சரிதானா என்று பார்க்க தராசே சாட்சி: முத்திரைச் சீலில் ஆண்டின் எண்ணும் காலாண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். மண்டபம் ஷெட்டில் இருந்த தராசுகளில் பார்த்தேன், பொருந்தியது. ஏற்றும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2023-03-05 என்று எழுத்தாக மாற்றிக் கொடுத்தேன். அந்த வரிசையை இரண்டு விதமாகப் படிக்க வழியில்லை.

இனி தமிழ் எழுத்துச் சிக்கல். இதை நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இடம், பொருளின் பெயர், குறிப்பு எல்லாம் எங்கள் பதிவேட்டில் தமிழில்தான். சாதாரண சிஎஸ்வியாகச் சேவ் செய்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று தனியாக ஒரு வகை இருக்கிறது, அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலும் ஒரு குசும்பு: கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை எக்செல் சேர்க்கும். அதனால் முதல் நெடுவரிசையின் தலைப்பை எங்கள் மென்பொருள் அடையாளம் காணவில்லை. முதல் நெடுவரிசை எங்களுக்கு டேக் எண். பொருத்தும் திரையில் அதைக் கையால் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நோட்பேட்++ வைத்திருந்தால் அந்த மூன்று பைட் இல்லாமல் சேவ் செய்துகொள்ளலாம்.

இடங்களின் பட்டியலைப் பார்த்தபோது தொண்டி இரண்டு முறை இருந்தது. ஓரத்தில் இடைவெளி இருக்கும் என்று டிரிம் போட்டேன், மாறவில்லை. குறிகளை எண்ணும் லென் போட்டால் ஒன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 7. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கோப்புக்குள் வேறு. விசைப்பலகையைப் பொறுத்து இப்படியோ அப்படியோ விழுகிறது. மென்பொருளுக்கு அது இரண்டு ஊர். தொண்டி ஷெட்டின் சாமான் பாதி இந்தத் தொண்டியிலும் பாதி அந்தத் தொண்டியிலும் இருந்தது.

சரிசெய்ய, ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடும் சப்ஸ்டிட்யூட், யூனிகோடு எண்ணைக் கொடுத்தால் அந்தக் குறியைத் தரும் யுனிசார் என்ற இரண்டு ஃபங்ஷனும் போதும். கொம்பு 3014, கால் 3006, இரண்டும் அடுத்தடுத்து வந்தால் 3018 ஆக்கு. இரட்டைக் கொம்பு 3015-உம் கால் 3006-உம் வந்தால் 3019 ஆக்கு. ரோச்மா நகர், மோட்டார் எல்லாம் இந்த இரண்டாவதில் வரும்.

மோட்டாரில் இன்னொன்றும் இருந்தது. பதிவேட்டில் வகைப் பெயராகத் தண்ணீர் மோட்டார் இரண்டு தடவை. லென் இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கைதான் காட்டியது. அப்புறம் ஓர் எழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கடைசியில் ரகர மெய்க்குப் பதிலாக, காலுக்கு மேல் புள்ளி வைத்திருந்தார்கள். பல எழுத்துருக்களில் காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றே. பேருந்துப் பலகையிலிருந்து அழைப்பிதழ் வரை இந்தப் பிழை நாடு முழுக்க இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. நல்லவேளையாகத் தமிழில் காலுக்குப் பின் புள்ளி வரவே முடியாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்: 3006, 3021 வந்தால் 2992, 3021. இந்த மூன்று மாற்றத்தையும் ஒரே சூத்திரமாக ஒன்றுக்குள் ஒன்று வைத்து, தமிழ் இருக்கும் எல்லா நெடுவரிசைக்கும் ஓட்டினேன். அதற்குப் பிறகும் ராமேஸ்வரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் என்ற மூன்றும் மிஞ்சியது. அதற்குச் சூத்திரம் கிடையாது, உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டியதுதான். இனிமேல் வராமல் இருக்க, இடம் எழுதும் கட்டத்தில் தட்டச்சே செய்ய முடியாதபடி கீழிறங்கும் பட்டியல் வைத்துவிட்டேன். பாம்பன் வடக்கு, பாம்பன் தெற்குவாடி இரண்டும் அதில் தனித்தனி.

ஏற்றுவதற்கு முன் இன்னொரு வேலை. ஒவ்வொரு ஒல்லி ஷீட்டுக்கும் ஒரு திருப்பு ஷீட். அதே டேக் எண்கள், அதே நெடுவரிசை, ஆனால் இப்போது பதிவேட்டில் இருக்கும் பழைய மதிப்புகளோடு. ஏதாவது கோணலாகப் போனால் அதை ஏற்றினால் பழைய நிலை. மென்பொருளுக்கு முழு பேக்கப் எடுத்து வைத்தாலும், அதை மீட்டால் நடுவில் மற்றவர்கள் பதிந்ததும் போய்விடும். திருப்பு ஷீட் அந்த ஒரு விவரத்தை மட்டும் பின்னால் எடுக்கும். பழைய மதிப்பு காலியாக இருந்த இடங்களில், காலி என்றால் அழி என்கிற அதன் குணம் இங்கே நமக்குச் சாதகம்.

ஏற்றியது ராமநாதபுரம் அலுவலகத்தில், ஒரு தடவைக்கு இருநூறு வரி. முழுவதையும் ஒன்றாகக் கொடுத்தால் சர்வர் நேரம் தாண்டி நடுவில் அறுந்துவிடுகிறது, அறுந்த இடம் வரை மாறியிருக்கும், மீதி மாறியிருக்காது. திருத்தும் ஏற்றத்தில் இது பெரிய ஆபத்தில்லை. அதே கோப்பைத் திரும்ப ஏற்றினால் மாறியது அதே மதிப்புக்கு மறுபடி மாறும், மாறாதது இப்போது மாறும். புதிதாகச் சேர்க்கும் ஏற்றம் என்றால்தான் இரட்டிக்கும். இருந்தாலும் இருநூறு இருநூறாகப் போனால் தவறு எந்தக் கட்டில் என்று தேடுவது சுலபம். மதியம் கரண்டு போனபோதும் ஒரு கட்டு மட்டுமே பாதியில் நின்றது.

முதல் கட்டில் பிழை அறிக்கையில் இரண்டு வரி வந்தது. இரண்டிலும் குறிப்புக் கட்டத்துக்குள் ஆல்ட் எண்டர் அடித்து வரி பிரித்திருந்தார்கள். குறிப்பை ஒற்றை வரியாக்க க்ளீன் ஃபங்ஷன் போதும்.

ஏற்றி முடித்ததும் பச்சை டிக் காட்டியது. அதை நம்பாமல் பதிவேட்டைத் திரும்ப இறக்கி மூன்று விஷயம் பார்த்தேன். மொத்த எண்ணிக்கை ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் எங்கோ புதிது பிறந்திருக்கிறது. ஏற்றிய மதிப்பும் இப்போது உள்ள மதிப்பும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றா? நான் தொடாத நெடுவரிசைகள் ஏற்றுவதற்கு முன் இறக்கிய பழைய கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா? மூன்றாவதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. மூன்றுமே சரியாக இருந்தன. அநாதையாகக் கிடந்த 412 வகையறாக்களை இதற்குப் பிறகுதான் நீக்கினேன், அவற்றில் ஏதாவது குறிப்பு எழுதியிருந்தால் அதை 00412-க்கு மாற்றிவிட்டு.

முத்திரை முடியும் தேதிப் பட்டியலை ஷெட்டுவாரியாக அச்சடித்து அனுப்பியாயிற்று. தெற்குவாடி அக்கா தன் நோட்டை விடவில்லை, புது டேக் எண்ணையும் அதிலேயே ஒரு ஓரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். பதிவேட்டில் மாற்றம் வந்தால் அவரிடம் போனில் கேட்டுத்தான் ஷீட் போடுகிறேன்.

பிளாஸ்டிக் கிரேட்டுகளை மட்டும் இதில் சேர்க்கவில்லை. கணக்காளர் கேட்டார், முதலாளியும் கேட்டார். ஆயிரக்கணக்கில் இருக்கும் அவை ஏலக்கூடத்தில் கைமாறி, படகில் ஏறி இறங்கி, பக்கத்துக் கம்பெனிக் கிரேட்டோடு கலந்து வருகிறவை. அதில் ஒவ்வொன்றுக்கும் டேக் எண் அடித்தால் டேக்கின் செலவு கிரேட்டின் விலையைத் தாண்டும். ஷெட்டுக்கு இத்தனை என்று எண்ணிக்கை மட்டும், தடைக்காலம் தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை எழுதிக்கொள்வதாக முடிவு.